ஏழெட்டுச் சளியை இரண்டாகக் குறைத்த தரகர்

மாட்டோடு சேர்த்து மூளையையும் விற்றுவிட்டு, கயிற்றை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்த தரகர்கள் வேறெங்கும் உண்டோ தெரியாது. காரைப்பட்டியில் அண்ணன் தம்பி மூன்று பேர் உண்டு. மூத்தவர் காரியப்பன், அடுத்தவன் நாச்சிமுத்து, கடைக்குட்டி ஒண்டியப்பன்.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டைப் போர்த்தி, அடியில் விரலைப் பிடித்தே பேரம் முடிப்பார்கள். பத்து வயதில் சந்தைக்குச் சாணி அள்ள வந்த காரியப்பன், உதைபட்டுக் கற்ற வித்தை அது. அதில் படியாத காரியம் உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி.

அவர் மகள் மைவிழிக்கு இரண்டரை வயது. மாசம் தவறாமல் சளி. போன மாசம் அது நிமோனியாவாகி, நாலு நாள் மூச்சிழுத்துக் கிடந்து பிழைத்தாள். இன்னொரு தரம் வந்தால் தாங்குவாளா என்று கேட்க, காரியப்பன் டாக்டரிடம் ஓடினார்.

"இந்த வயசுல வருசத்துக்கு ஏழெட்டுத் தடவை சளி பிடிக்கறது சகஜங்க. நெஞ்சுல இறங்காமப் பார்த்துக்கணும்," என்றார் டாக்டர்.

"ஏழெட்டா? பச்சப்புள்ளைக்கு இதென்ன அநியாயம்!"

காரியப்பன் டாக்டர் கைமேல் துண்டைப் போட்டு இரண்டு விரலை அழுத்தினார். டாக்டர் பதறிக் கையை உருவிக்கொண்டார். படிந்துவிட்டது என்று காரியப்பன் எழுந்தார்.

"இருங்க. புள்ள இருக்கற இடத்துல புகை கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தூக்கணும். விட்டுப்போன தடுப்பூசியைப் போட்டிருங்க."

வீட்டில் மாநாடு கூடியது.

"அண்ணா, பீடிய விடச் சொன்னாரா?" நாச்சிமுத்துவுக்கு அதுதான் கவலை.

"இல்லியேடா. புள்ள இருக்கற எடத்துல கூடாதுன்னாரு."

"அப்பப் புள்ளைய வெளிய வெச்சாச் செரியாப் போச்சு."

பிள்ளையை வாசலில் விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் புகைத்தார்கள். எதிர்ச் சுவர் தெரியாத அளவுக்குப் புகை நிறைந்ததும், கடமை முடிந்ததென்று அவளை உள்ளே தூக்கி வந்தார்கள். இருமலோடு முதல் சளி பிடித்தது.

அடுத்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். கழுவிய கையைச் சந்தைத் துண்டில் துடைத்தார்கள். காளைகளின் மூக்கும், சளி பிடித்த நாச்சிமுத்துவின் மூக்கும் மாறி மாறிச் சிந்திய துண்டு அது. இரண்டாம் சளி வந்தது. அது போய் மூன்றாவது வந்ததும் காரியப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் பாய்ந்தார்.

"ரெண்டுன்னு முடிச்சமே! வாக்கு மாறுனா எப்படிங்க?"

"தடுப்பூசி போட்டீங்களா?"

போடவில்லை. லேசான சளிதான், இன்றே போடலாம் என்றார் டாக்டர். மனைவி செல்லாத்தா, யாரையும் கேட்காமல், பிள்ளையை மடியில் வைத்து ஊசியை முடித்துவிட்டாள்.

"லேசாக் காய்ச்சல் வரலாம், பயப்படாதீங்க," என்றார் நர்ஸ்.

"ஊசியும் அவளுக்கு, காய்ச்சலும் அவளுக்கா?" காரியப்பன் கொதித்தார். மகளின் குட்டிக் கைமேல் புதுத் துண்டைப் போட்டார். அவள் விசும்பிக்கொண்டே அப்பாவின் விரலை இறுக்கிப் பிடித்தாள்.

"படிஞ்சுது! காய்ச்சல் நம்ம பொறுப்பு. வாங்கடா!"

சாயங்காலம் மைவிழி வாசலில் கோழி துரத்திக்கொண்டிருந்தாள். உள்ளே மூன்று கம்பளிகள் வரிசையாகக் கிடந்தன.

"ஏனுங்க, காய்ச்சலா?" என்றாள் செல்லாத்தா.

"இன்னும் வரல. பாதி எனக்கு, மீதி இவனுங்களுக்கு."

ஒண்டியப்பன் தலையை நீட்டினான். "அண்ணா, எனக்கு வேர்க்குது. எம்பங்கு வந்து போயிருச்சாட்ட இருக்குது. எந்திரிக்கட்டுமா?"

"படுறா! மூத்தவன் நானே காத்துக் கெடக்கறேன். எனக்கு முந்தி உனக்கென்னடா காய்ச்சல்?"