குதிரை கரை சேர்ந்ததா?

காட்டோரக் குளத்தில் ஓர் ஆமையும் எருமையும் மைனாவும் நட்பாக இருந்தன. மூன்றுக்கும் சினிமா என்றால் உயிர். காட்டு வேலிக்கு அந்தப் பக்கம் திறந்தவெளித் திரையரங்கு ஒன்று இருந்தது. மைனா அங்கே பறந்து போய், வரப்போகும் படங்களின் டிரெய்லரைப் பார்த்துவிட்டு வரும். நல்ல படம் என்று அது சொன்னால் காடே வேலியோரம் கூடும். மொக்கை என்று சொன்னால் ஒரு முயல்கூட எட்டிப் பார்க்காது.

ஒருநாள் மைனா வந்து சொன்னது: "‘பரிசல்காரன் குதிரை’ படத்தைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வருகிறது."

ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "எருமையண்ணே, என்னை முதுகில் ஏற்றிக் கூட்டிப்போவாயா?"

"அதற்கென்ன, போகலாம்" என்றது எருமை.

"வீண் வேலை. டிரெய்லரே சகிக்கவில்லை. பழைய படத்தில் குதிரை கறுப்பு, இதில் வெள்ளை. நல்ல படத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்றது மைனா.

"பழைய படத்தை நீ பார்த்தாயா?" என்று கேட்டது ஆமை.

"நான் பிறக்கும் முன்பே வந்த படம். சொல்லக் கேட்டிருக்கிறேன்."

எருமை யோசித்தது. "மைனாவே சொன்ன பிறகு எதற்கு அவ்வளவு தூரம்?" என்று சேற்றுக்குள் இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை பிற்பகல், வெயிலில் தனியாக ஊர்ந்து போய்க்கொண்டிருந்த ஆமையை மைனா கண்டது. அதன் கால்கள் புழுதியில் சிராய்த்திருந்தன.

"அந்தப் படத்துக்கா இந்தப் பாடு?"

"பழைய படத்தை நானும் பொன்னரியும் வேலியோரம் இருந்து பார்த்தோம்" என்றது ஆமை. பொன்னரி அதன் மனைவி, இறந்து வெகுகாலமாகிறது. "குதிரை வெள்ளத்தில் குதித்த நேரம் மழை வந்துவிட்டது. காட்சியை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அந்தப் படம் வரவே இல்லை. கடைசிவரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், குதிரை கரை சேர்ந்திருக்குமா என்று. கறுப்போ வெள்ளையோ, எனக்கு அது தெரிந்தால் போதும்."

மைனா சட்டென்று திரும்பியது. நேரே குளத்துக்குப் பறந்தது.

"அண்ணே, சீக்கிரம் எழுந்து வா. படத்தைப் பார்க்காமலே நான் வாயை விட்டுவிட்டேன்."

எருமை சேறு வழிய ஓடி வந்து ஆமையை ஏற்றிக்கொண்டது. மாலைக் காட்சி தொடங்கும்போது மூன்றும் வேலியோரம் இருந்தன. வெள்ளைக் குதிரை வெள்ளத்தில் குதித்தது. முங்கியது. மைனா மூச்சுவிடவில்லை. சுழலைத் தாண்டி முதலில் காதுகள் தெரிந்தன, பிறகு கழுத்து. பரிசல்காரன் ஓடிவந்து ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

ஆமை வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல மெல்லச் சொன்னது: "சேர்ந்துவிட்டது, பொன்னரி."

மைனா அதன் ஓட்டின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

முழுதும் பாராமல் ஒன்றை மட்டம் தட்டுகிறவர், அதற்காகவே காத்திருக்கும் ஒரு நெஞ்சையும் அறியாமல் நோகடிக்கிறார்.