மூன்றாம் கேள்வி

"மேடம், முப்பத்தெட்டுத் தாள்களை நீக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்," என்றார் மாசிலாமணி.

அற்புதராணி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோழி இறக்கையின் ரத்தக்குழாய் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். மூளையின் குழாய்களைத் தொடுகிறவர்கள் கை பழகுவது அதில்தான். நூல் தலைமயிரைவிட மெல்லியது.

"எதற்கு?"

"மூன்றாம் கேள்விக்குப் பதில் இல்லை."

மாசிலாமணி பன்னிரண்டு வருஷம் வேறோர் ஊரில் அறுவை மருத்துவராக இருந்தவர். நாற்பத்திரண்டு வயதில், பக்கவாத ஆய்வு கற்க வந்து சேர்ந்தார். அற்புதராணி அவரைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் மாசிலாமணி வெளியே யாரிடமும் அவரை "என் குரு" என்றுதான் சொல்வார்.

மாதக் கடைசியில் ஆய்வை ஒப்படைக்க வேண்டும். பதில் விட்டுப்போன தாள்கள் அதைக் கெடுத்தன.

நோயாளியின் வீட்டாரிடம் கேட்கும் மூன்றாம் கேள்வி இதுதான்: நோயாளி நன்றாக இருந்ததை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது?

"ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரே பானைச் சோறு. இதுகூடவா தெரியாது?"

"இருக்கட்டும். நீக்க வேண்டாம்," என்றார் அற்புதராணி.

பதினொரு மணிக்குப் பேச்சித்தாய் என்ற அம்மாளைக் கொண்டுவந்தார்கள். வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சு இல்லை. மூளைக்குப் போகும் குழாய் ஒன்றில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது.

கட்டியைக் கரைக்க மருந்து உண்டு. வாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். கணவர் சுடலைக்கண்ணு, காலை எட்டு மணிக்கு நன்றாக இருந்தாள் என்றார். அப்படியானால் பன்னிரண்டரை வரை நேரம் இருந்தது.

மாசிலாமணி 'காலை 8' என்று எழுதி, கையெழுத்துக்காக ஓடிவந்தார்.

அற்புதராணி தாளைப் பார்த்தார்.

"எட்டு மணிக்குப் பார்த்தது யார்?"

"கணவர்."

"பார்த்தாரா?"

மாசிலாமணி தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

"கேட்டுவிட்டு வாருங்கள்."

சுடலைக்கண்ணு வார்டு வாசலில், கையில் மனைவியின் செருப்போடு நின்றார்.

"எட்டு மணிக்கு அவர் முகம் எப்படி இருந்தது?"

"காப்பி கொண்டாந்து வச்சா அய்யா."

"முகத்தைப் பார்த்தீர்களா?"

"பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தேன். டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டுது."

"ஏதாவது பேசினாரா?"

"பேசுனா."

"தெளிவாகவா, குழறலாகவா?"

சுடலைக்கண்ணு செருப்பை மறு கைக்கு மாற்றினார்.

"நான் 'உம்'முன்னேன்," என்றார்.

மாசிலாமணி நேரத்தில் ஒவ்வொரு படியாகப் பின்னால் போய்க் கேட்டார். விடியற்காலையில் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டதாம். முந்தின இரவு அவள்தான் சோறு போட்டாளாம். டிவி ஓடிக்கொண்டிருந்தது. என்ன மீன் என்று ஞாபகம் இருந்தது. முகம் ஞாபகம் இல்லை.

முந்தின நாள் மாலை ஐந்தரைக்கு வாசலில் கீரைக்காரியோடு மல்லுக்கட்டி, ஒரு கட்டு கூடுதலாக வாங்கினாளாம். அதைத் தூக்கி அவரிடம் காட்டிச் சிரித்தாளாம்.

"அது பாத்தேன் அய்யா. நல்லாப் பாத்தேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கு ஏதோ உறைத்தது. மருத்துவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"எட்டுன்னே எழுதிக்கிடுங்க அய்யா. கூடவே இருக்கிறவன் நாந்தானே. நான் சொன்னாப் போதும்லா?"

எட்டு மணிக்கே முகம் கோணிப் பேச்சு குழறியிருந்தால் வாதம் அதற்கு முன்பே தொடங்கியிருக்கும், நேரம் கடந்து அந்த மருந்தை ஏற்றினால் மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிரே போய்விடலாம் என்று மாசிலாமணி விளக்கினார். வேறு வழியில் நேரத்தைக் கண்டுபிடிக்க அன்று அங்கே கருவி எதுவும் இல்லை.

எட்டை அடித்தார். 'நேற்று மாலை 5.30' என்று எழுதினார்.

மருந்து ஏற்றவில்லை.

பேச்சித்தாய் பிழைத்துக்கொண்டார். கண் திறந்தபோது சுடலைக்கண்ணு கட்டிலருகே குனிந்து மெல்லக் கேட்டார்.

"காலைல என்ன சொன்ன, பேச்சி?"

அந்த அம்மாள் உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை.

அவர் திரும்பவும் கேட்டார். மாசிலாமணி அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டார்.

அற்புதராணியின் மேஜைமேல் தாளை வைத்தார்.

"கொஞ்சம் முன்னாலேயே ஒழுங்காகக் கேட்டிருக்கலாம்," என்றார். "வீணாக நம்பிக்கை கொடுத்துவிட்டேன்."

அற்புதராணி ஒரு புதுத் தாளை எடுத்து நீட்டினார்.

"இதையும் எழுதுங்கள்."

"யாருக்கு?"

"உங்கள் வீட்டில் இருப்பவருக்கு."

மாசிலாமணி சிரித்தார். "என் மனைவிக்கா? தமயந்தி நன்றாகத்தான் இருக்கிறாள், மேடம்."

"அப்படியானால் சுலபம்."

மாசிலாமணி தன் அறையில் போய் உட்கார்ந்தார். பெயர் எழுதினார். வயது எழுதினார்; அதை அடித்துத் திருத்தினார். மூன்றாம் கேள்விக்கு வந்தார்.

காலையில் சாப்பாட்டுப் பையை நீட்டிய கை ஞாபகம் வந்தது. செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் ஏதோ சொன்னது. முந்தின நாளும் அதே கை. அதற்கு முந்தின நாளும்.

போனை எடுத்தார்.

"என்ன, ஆஸ்பத்திரியில ஆளே இல்லையா? எனக்குப் போன் பண்றீங்க?" என்றாள் தமயந்தி.

காலையில் கிளம்பும்போது என்ன சொன்னாய் என்று கேட்டார்.

"எப்போ?"

"செருப்பு போடும்போது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"அதுவா," என்றாள். "இப்போ எதுக்கு? விடுங்க."

வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அற்புதராணி நுண்ணோக்கியின் முன்னால் இருந்தார். மாசிலாமணி தாள்கட்டோடு வந்து நின்றார்.

"எண்ணிவிட்டீர்களா?" என்று கேட்டார் அற்புதராணி. "பதில் இல்லாதது எத்தனை?"

"முப்பத்தொன்பது," என்றார் மாசிலாமணி.

அற்புதராணி ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.