வில்லவராயரின் வீட்டைச் சாவடிக்கு இழுத்த கதை

எந்த நாடு, ராஜாவின் பெயர் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முன்னொரு காலத்தில் நடந்தது என்பது மட்டும் தெரியும். அந்த நாட்டில் விற்கிற பொருளுக்கெல்லாம் பத்தில் ஒரு பங்கு வரி. சரக்கைச் சுங்கச்சாவடிக்குக் கொண்டுவந்து, தராசில் நிறுத்து, வரி கட்டி, முத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். நிலத்தை விற்றால் மட்டும் அந்த வரி கிடையாது.

ஒருநாள் நகர்வலம் போன ராஜா, புதிதாக எழும்பியிருந்த வீடுகளைப் பார்த்துப் பல்லக்கை நிறுத்தச் சொன்னார்.

"உப்பு விற்பவன் வரி கட்டுகிறான். இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிக் கொடுத்துக் காசு வாங்குகிறவன் ஏன் கட்டுவதில்லை?"

சுங்கத் தலைவர் வில்லவராயர் கூடவே வந்துகொண்டிருந்தார். "கட்டத்தான் வேண்டும், அரசே. செங்கல் சரக்கு, மரம் சரக்கு, சுண்ணாம்பு சரக்கு. மூன்றையும் சேர்த்து அடுக்கினால் வீடு. ஆகவே வீடும் சரக்குதான்" என்றார். ராஜா தலையசைத்தார்.

அந்தத் தலையசைப்பில் முதலில் மாட்டிக்கொண்டவர் பொன்னுரங்கக் கொத்தனார். நெசவாளர்களுக்கு வரிசையாக எட்டு வீடு கட்டி முடித்திருந்தார். செங்கலுக்குச் சூளையிலும் மரத்துக்கு மரக்கடையிலும் வரி கட்டித்தான் வாங்கியிருந்தார். இப்போது எட்டு வீட்டின் மொத்த விலையிலும் பத்தில் ஒரு பங்கு கேட்டார்கள். அவர் கையில் இல்லை. சேவகர்கள் கரணை, மட்டப்பலகை, சாரக்கயிறு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இருபது ஆட்கள் வேலையில்லாமல் உட்கார்ந்தார்கள்.

கொத்தனார் அரண்மனை விகடகவி மருதப்பனிடம் வந்தார். "தம்பி, ஒரே செங்கலுக்கு எத்தனை தடவை வரி கட்டுவது? நீ ராஜாவிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்" என்றார்.

மருதப்பனுக்குத் தயக்கம்தான். சபையில் தன்னைக் கண்டாலே வில்லவராயருக்கு முகம் சுளிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் மறுநாள் சபையில் எழுந்து, வீடு சரக்கல்ல என்றான்.

"வாய்ப்பேச்சு வேண்டாம்" என்றார் ராஜா. "நான் கண்ணால் பார்க்கும்படி நிரூபி."

"நிரூபிக்காவிட்டால் கொத்தனின் வரியை இவனே கட்டட்டும், அரசே. அதன்பிறகு சபைப் பக்கமும் வரவேண்டாம்" என்றார் வில்லவராயர். ராஜா அதற்கும் சரி என்றார். மருதப்பன் கும்பிட்டுவிட்டு வந்தான். 

மறுநாள் காலையில் வில்லவராயர் உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் எட்டு ஜோடி எருது நின்றது. பொன்னுரங்கத்தின் இருபது ஆட்களும் முன்வாசல் தூண்களில் வடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் பல்லக்கில், மருதப்பன் அழைத்திருந்த ராஜாவே உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன அக்கிரமம்?" என்றார் வில்லவராயர்.

"அக்கிரமம் இல்லை, ஐயா, தாங்கள் சொன்ன சட்டம்தான்" என்றான் மருதப்பன் பணிவாக. "போன வருஷம் இந்த வீட்டைப் பொன்னுரங்கத்திடமிருந்து வாங்கினீர்கள். வீடு சரக்கு. சரக்கைச் சாவடிக்குக் கொண்டுபோய் நிறுத்தால்தானே வரி போட முடியும்? எருதுகளை மெதுவாக ஓட்டுங்கள், அப்பா."

எருதுகள் ஓர் அடி எடுத்து வைத்தன. தூண் முனகியது. கூரையிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது.

"நிறுத்து, நிறுத்து. இழுத்தால் வீடு இடிந்துவிடும்."

"இடிந்தால் என்ன மிஞ்சும், ஐயா?"

"என்ன மிஞ்சும்? கல்லும் கட்டையும்தான்."

"அந்தக் கல்லும் கட்டையும் சரக்கு. வாங்கும்போதே கொத்தனார் வரி கட்டிவிட்டார். வீடு எங்கே போயிற்று?"

 ராஜா பல்லக்கிலிருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "சேதமில்லாமல் தூக்கிக்கொண்டு வரக்கூடியது சரக்கு. பெயர்த்தால் சேதமாவது நிலத்தைச் சேர்ந்தது, அதற்கு விற்பனை வரி இல்லை." கொத்தனாரின் கருவிகள் அன்றே திரும்பி வந்தன.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு மாதம் கழித்து ராஜா மருதப்பனை அவசரமாக அழைத்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"பாத்திரக்கடைத் தெருவிலிருந்து ஒரு காசு வரி வரவில்லை. குடம், தவலை, அண்டா எல்லாவற்றையும் சுண்ணாம்பு குழைத்துத் தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். பெயர்த்தால் தரை சேதமாகும், ஆகவே நிலம் என்கிறார்கள். உன் பேச்சைக் கேட்டு நான் எழுதிய சட்டம் இது. மாலைக்குள் வழி சொல், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போய்விடு."

மருதப்பன் வீட்டுக்குப் போனான். சோறு இறங்கவில்லை. எழுந்து பாத்திரக்கடைத் தெருவை மேலும் கீழுமாக நடந்து பார்த்தான். பிறகு அரண்மனைக்குப் போய், ராஜாவையும் வில்லவராயரையும் சோணாசலத்தின் கடைக்கு அழைத்து வந்தான். அந்தத் தெருவிலேயே பெரிய கடை அது.

"இந்தக் குடம் என்ன விலை, செட்டியாரே?"

"நாலு பணம்."

மருதப்பன் நாலு பணத்தை எண்ணி வைத்தான். "வரி உண்டா?"

"கிடையாது. இது நிலத்தைச் சேர்ந்தது" என்றார் சோணாசலம், பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டே.

"நல்லது. அப்படியானால் எழுந்திருங்கள்" என்று மருதப்பன் கடைக்குள் ஏறினான். "குடம் தரையோடு சேர்ந்தது. தரை கடையோடு சேர்ந்தது. நீங்கள் எனக்கு விற்றது நிலம். நாலு பணத்துக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். ராஜாவே சாட்சி."

சோணாசலத்துக்கு வியர்த்துவிட்டது. "குடத்தை மட்டும் பெயர்த்துத் தருகிறேனே, அப்பனே."

"பெயர்ந்து என் கைக்கு வந்தால் அது சரக்கு. வரி கட்டித் தாருங்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம்."

செட்டியார் வில்லவராயரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பதித்துவிட்டால் யாரும் கேட்க முடியாது என்று சுங்கத் தலைவர்தானே சொல்லி அனுப்பினார்" என்று முனகினார்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது.  தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தத் தெருவில் பெயர்க்கிற தரைகளையெல்லாம் வில்லவராயர் சொந்தச் செலவில் பொன்னுரங்கத்தைக் கொண்டு பூசித் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார். செட்டியார் குடத்தைப் பெயர்த்து, வரி கட்டிக் கொடுத்தார். ராஜா தம் கையிலிருந்த தங்கக் கடகத்தைக் கழற்றி மருதப்பன் கையில் மாட்டினார்.

"கடையை விட்டுவிட்டாயே, வருத்தமில்லையா?" என்றார்.

"எனக்குப் பாத்திரம் விற்கத் தெரியாது, அரசே. வீட்டில் தண்ணீர்க் குடம் ஒழுகுகிறது. இது போதும்."

அன்று சாயங்காலம் மருதப்பன் கையில் கடகமும் தோளில் குடமுமாகச் சாவடியைக் கடந்தான். காவல்காரன் அவனை நிறுத்தி, குடத்தைத் திருப்பித் திருப்பி முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போக விட்டான்.