ஆயிரத்து நூற்று நாற்பது வரிகள்

"இன்னும் எதை எடுக்கச் சொல்றீங்க, டீச்சர்?" என்று கேட்டார் இருதயசாமி.

லிஃப்ட் செய்யும் கம்பெனி அது. லிஃப்டை ஓட்டும் நிரலில் ஆயிரத்து முந்நூறு கோப்புகள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும், இந்த இந்தக் கோப்புகளையும் சேர்த்துப் படி என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குச் சொல்லும் வரிகள் குவிந்து கிடந்தன. அவற்றைத் துப்புரவு செய்வது இருதயசாமியின் வேலை.

அதைச் சரிபார்க்கும் ஹாஜிரா அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனாலும் கம்பெனி முழுக்க ஹாஜிராவை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"எத்தனை எடுத்தீங்க?"

"ஆயிரத்து நூத்தி நாப்பது வரி. பத்தொன்பது நாள். கம்பைல் ஆக அம்பத்தோரு நிமிஷம் ஆச்சு. இப்ப பதினெட்டு."

"அடேயப்பா."

"நீங்க சரின்னு சொன்னா திங்கட்கிழமை இந்த நிரலை ஆஸ்பத்திரி லிஃப்டுல ஏத்திடலாம். வாக்கு கொடுத்துட்டேன்."

"வேண்டாத வரின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு வரியை எடுப்பேன். தப்புன்னு கம்பைலர் கத்தினா திரும்ப வைப்பேன். கத்தலைன்னா வேண்டாதது."

"கத்தாதவங்களை எல்லாம் வெளியே அனுப்பினா வீட்டுல யாருண்ணே மிஞ்சுவா?"

"எங்க வீட்டுல நான் மிஞ்ச மாட்டேன்" என்று சிரித்தார்.

ஹாஜிரா சிரிக்கவில்லை. எழுந்து நடந்தார்.

பின்கட்டில் சோதனை லிஃப்ட் இருந்தது. இருதயசாமி தன் நிரலை அதில் ஏற்றினார்.

"கதவு திறந்திருந்தா நகராதே?"

"எப்படி நகரும்? வேணும்னா நானே வாசல்ல நிக்கிறேன்."

"முதல்ல நாற்காலி நிக்கட்டும்."

ஹாஜிரா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை, இரண்டு கால் உள்ளே, இரண்டு கால் வெளியே என்று வாசலில் வைத்தார்.

"பட்டனை அமுக்குங்க."

இருதயசாமி அமுக்கினார்.

திறந்த கதவோடு லிஃப்ட் மேலே ஏறியது.

நாற்காலி சாய்ந்து, மேல் விளிம்பில் சிக்கி, இரண்டாகப் பிளந்தது.

இருதயசாமி கீழே விழுந்த பாதியைக் கையில் எடுத்தார்.

"ஆயிரத்து நூத்தி நாப்பதுல எந்த வரி, டீச்சர்?"

ஹாஜிரா தன் மேசைக்குத் திரும்பி, கதவுக்கான கோப்பைத் திறந்தார். அறுபத்து மூன்று வரிகள்.

"இது நீங்க படிக்கிறது."

ஒரு கட்டளை தட்டினார்.

"இது கம்பைலர் படிக்கிறது."

ஒன்பதாயிரத்து நானூற்று இரண்டு வரிகள்.

இருதயசாமி முதல் வரியிலிருந்து படித்தார். மோட்டார் வந்தது. பிரேக் வந்தது. எடை, மணி, தீப்பிடித்தால் எந்த மாடியில் நிற்க வேண்டும் என்பது. அவர் முகம் பார்த்திராத யார் யாரோ வைத்த பெயர்கள். எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகே கம்பைலர் அவருடைய அறுபத்து மூன்று வரிகளுக்கு வந்தது.

"இருபத்திரண்டு வருஷம்" என்றார் மெதுவாக. "நான் ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்ல."

"இந்த லிஃப்டுல கதவுப் பூட்டு உண்டுன்னு எங்கேயோ ஒரு கோப்பு சொல்லிட்டிருந்தது. அந்தக் கோப்புக்குப் போற வழியை எடுத்துட்டீங்க."

"எடுத்தா கம்பைலர் கத்தியிருக்கணுமே?"

"இந்த மாதிரி இடத்துல கத்தாது. 'பூட்டு உண்டுன்னா இதைப் படி'ன்னு எழுதியிருக்கு. பூட்டுங்கிற பேரே அதுக்குத் தெரியலை. தெரியாத பேரைப் பூஜ்யம்னு எடுத்துக்கும். பூஜ்யம்னா தாண்டிடும். கீழே போங்க."

போனார். கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் இடம் வந்தது.

அந்தச் சோதனை இருக்க வேண்டிய இடத்தில் ஏழு வெற்று வரிகள் இருந்தன.

"இங்கே ஒண்ணும் இல்லையே, டீச்சர்."

"படிங்க."

இருதயசாமி திரையில் விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக, ஏழையும் படித்தார்.

பிறகு போனை எடுத்தார்.

"ஆஸ்பத்திரிங்களா? திங்கட்கிழமை நாங்க வரலைங்க."