மண்புழு ‘ஆச்சு’ சொன்ன காலம்

மண்புழுவுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மொட்டப்பாறை என்று ஓர் ஊர். பேருக்கேற்ற ஊர். காலை எங்கே வைத்தாலும் பாறை. அங்கே ஒரு செடி வைக்க வேண்டுமென்றால் முதலில் மண்ணையே செய்தாக வேண்டும். ஓடைக்கரையிலிருந்து செம்மண் சுமந்து வருவார்கள். அதில் கொஞ்சம் மணல், செம்மண் அளவுக்கு மக்கிய எரு, அடுப்புச் சாம்பல் ஒரு கை, இடித்த வேப்பம்புண்ணாக்கு ஒரு கை. எல்லாவற்றையும் சோறு பிசைவதுபோல் பிசைந்து பானையில் நிரப்பினால் அதுதான் அவர்களுக்குத் தோட்டம்.

இதில் எரு மட்டும் மனிதர் கையில் இல்லை. சாணத்தையும் சருகையும் குழியில் போட்டு மூடினால் உள்ளே கொதிக்கும். கொதித்து, அடங்கி, ஆறி, கறுத்து, பொலபொலவென்று உதிர வேண்டும். அது எப்போது நடக்கிறது என்று மேலே நிற்பவர்களுக்கு எப்படித் தெரியும்? குழிக்குள் குடியிருந்த மண்புழுதான் சொல்லும். சூடு இருக்கும்வரை ஓரத்து ஈரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். தணிந்ததும் நடுவே ஊர்ந்து போய்ப் பார்த்துவிட்டு, தலையை வெளியே நீட்டி, “ஆச்சுக்கா” என்று ஒரே ஒரு வார்த்தை. காய்ந்த மண்ணில் நீர்ச்சொட்டு விழுந்து இறங்குகிற சத்தம்போல் அத்தனை சின்னக் குரல். அந்த வார்த்தை வராமல் யாரும் குழியைத் திறந்ததில்லை. வந்த பிறகு யாரும் கைவிட்டுச் சோதித்ததும் இல்லை.

அந்த ஊரில் வேலாத்தாள் என்று ஒருத்தி, அவள் எருக்குழிக்கு மேலே ஒரு முருங்கைக் கிளை. அதில் ஒரு மைனா. அதற்குச் சொந்தக் குரல் என்று ஒன்று இருந்ததா என்பது அதற்கே தெரியாது. முட்டையை விட்டு வந்த நாள் முதல் அடுத்தவர் குரலில்தான் பிழைப்பு. வேலாத்தாளின் புருஷன் நஞ்சப்பன் சாப்பிட உட்கார்ந்து, “பழைய சோத்துல உப்புப் போட்டயா புள்ளே?” என்று கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் மைனா அவள் குரலில், “மறந்துட்டேனுங்க, நீங்களே போட்டுக்கோங்க” என்று சொல்லிவிடும். அவன் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு முதல் கவளத்திலேயே முகம் கோணுவான். ஆட்டுக்குட்டியின் குரலில் கத்தித் தாயாட்டை வேலி முழுக்கச் சுற்றவிடும். மணியக்காரர் மாதிரி தொண்டையைச் செருமினால் போதும், வேப்பமரத்தடியில் தாயம் உருட்டுகிறவர்கள் எல்லாம் எழுந்து மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார்கள்.

மண்புழு கீழே கிடந்து இதையெல்லாம் கேட்டுச் சுருண்டு சுருண்டு சிரிக்கும். இரண்டுக்கும் நல்ல சிநேகம்.

“ஊருக் குரலெல்லாம் வருது. என்ற குரலு மட்டும் உனக்கு வராது போ” என்று மண்புழு சீண்டும்.

“அது ஒரு குரலா? கொட்டாவி.”

“அந்தக் கொட்டாவியத்தான் விட்டுக் காட்டேன், பாக்கலாம்.”

மைனா முயன்று பார்க்கும். வராது. புழு சிரிக்கும். மைனாவுக்கு உள்ளே அது குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஊரில் பூனைவரிக் கத்தரி என்று ஒன்று உண்டு. வெள்ளைக் காயில் ஊதா வரி, சுட்டால் நெய்போல் உருகும். எல்லார் வீட்டிலும் அந்தச் செடி காய்ந்து போய், வேலாத்தாள் சாம்பலில் புரட்டி வைத்த விதை மட்டும்தான் மிச்சம். அதுவும் பழைய விதை, இன்னொரு வருஷம் தாங்காது. அவள் முழுவதையும் ஓர் அகலச் சட்டியில் விதைத்துவிட்டாள். எப்படியோ முளைத்தும் விட்டது. ஆனால் நாற்றுகள் நெருக்கத்தில் வெளிறி, வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்ட ஆரம்பித்தன. உடனே பானைக்கு மாற்ற வேண்டும். எரு ஆகவில்லை.

காலையில் எழுந்ததும் குழியருகே வந்து உட்காருவாள். “ஆச்சா?”

“இல்லக்கா. நடுவுல இன்னும் கொதிக்குது.”

“நாத்து அதுவரைக்கும் தாங்காதே, தங்கம்.”

“அவசரப்பட்டா வெந்துபோகுமக்கா. பொறுத்துக்க.”

நஞ்சப்பன், “அதுக்கென்ன, கத்தரிக்காயா திங்கப் போகுது? சாவகாசமாத்தான் சொல்லும்” என்பான். அவள் அவனை முறைத்துவிட்டு எழுந்து போவாள்.

ஒரு மத்தியானம் மண்புழு ஈரத்துக்குள் ஆழமாகப் போய்த் தூங்கிவிட்டது. கிளையில் மைனா வேறு வேலையின்றி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, தொண்டையின் அடியில் எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.

“ஆச்சுக்கா.”

மைனாவே திடுக்கிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தது. அச்சு அசல் அதே குரல். வந்த சந்தோஷத்தில் கிளை நுனிவரை நடந்து போய்த் திரும்பி வந்தது. இப்படி ஒன்று கைவந்த பிறகு யாரிடமாவது விற்றுப் பார்க்காமல் இருக்க முடியுமா? வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி இன்னொரு தரம் சொன்னது.

வேலாத்தாள் கையில் மாவோடு ஓடி வந்தாள். “நெசமாவா?”

“ஆச்சுக்கா.”

மூடியை இழுத்ததும் முகத்தில் ஆவி அடித்தது. நஞ்சப்பன் எட்டிப் பார்த்து, “சுடுதே புள்ளே” என்றான்.

“மத்தியான வெயிலுங்க. அது என்னைக்குப் பொய் சொல்லியிருக்குது?”

மேலாக மண்வெட்டியால் வெட்டி அள்ளிக் கூடையில் சுமந்தாள். பாறையில் கிடந்த செம்மண்ணும் மணலும் வெயிலில் பழுத்துக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்தபோது எதன் சூடு எது என்று கைக்குத் தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நட்டாள்.

ஏமாந்தாயா என்று கேட்டுச் சிரிக்கத்தான் மைனா காத்திருந்தது. ஆனால் அவள் ஒவ்வொரு நாற்றிடமும், “இனி நீ தனிக்குடித்தனம், போதுமா” என்று பேசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மைனாவைப் பார்த்து, “காச்சதும் மொதக் காய் புழுவுக்கு. அது இல்லீன்னா இது இல்ல. ரெண்டாவது உனக்கு” என்றாள். இருட்டுவதற்குள் சொல்லிவிடலாம் என்று மைனா நினைத்தது. பிறகு, விடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தது.

விடிந்தபோது நாற்றுகள் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. இலையோரம் கருகியிருந்தது. வேலாத்தாள் ஒன்றைப் பிடுங்கினாள். வேர் அவித்ததுபோல் பழுப்பாகக் கையோடு வந்தது.

“வெந்து போச்சுங்க” என்றாள். மற்றவற்றை அலசி வெறும் செம்மண்ணில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நிமிரவில்லை.

குழியருகே வந்து குந்தினாள். மைனா அவளுக்குப் பின்னால், தலைக்கு மேலே இருந்தது.

“ஏன் அப்படிச் சொன்னே?” என்று குழியைப் பார்த்துக் கேட்டாள்.

மண்புழு தலையை நீட்டியது. “நான் எதுவுமே சொல்லலியேக்கா.”

“என்ற காதால கேட்டேன். நெசமாவான்னு திரும்பக் கேட்டேன். அப்பவும் ஆச்சுன்னே.”

“சத்தியமாத் தூங்கிட்டிருந்தேனக்கா. மைனாவக் கேளு, அது அங்கதான் இருந்திருக்கும்.”

மைனாவுக்கு உடம்பெல்லாம் சுட்டது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தது. பயத்தில் எந்தக் குரல் கைக்கு நெருக்கமாக இருந்ததோ அதுதான் வந்தது. சொட்டு விழுகிற குரல்.

“நான்தானக்கா. வெளையாட்டுக்குச் சொன்னேன்.”

வேலாத்தாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் காதுக்கு அது குழியிலிருந்து வந்தது.

“வெளையாட்டுக்கா” என்றாள். “சரி. இனி உன்ற பேச்சு எனக்கு வேண்டாம்” என்று எழுந்து போய்விட்டாள்.

மண்புழு மெல்ல மேலே பார்த்தது. “நல்லாத்தான் வருது உனக்கு” என்றது.

“நான் போய்ச் சொல்லிடறேன். நான்தான்னு சொல்லிடறேன்.”

“எந்தக் குரல்ல சொல்லுவே?”

மைனா கிளையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தது.

“நான் இல்லேன்னு நான் போய்ச் சொன்னாலும் அதே குரல்தானே. எது நான் சொன்னது, எது நீ சொன்னதுன்னு அவ எப்படிப் பிரிப்பா? நாளைக்கு நெசமா ஆச்சுன்னு சொன்னாலும் எவ நம்புவா?” மண்புழு பின்னோக்கிச் சுருங்கியது. “இந்தக் குரல நீயே வெச்சுக்க. நான் இனிப் பேசல.” அவ்வளவுதான். மண்ணுக்குள் போய்விட்டது.

மைனா வேலாத்தாளிடம் போகத்தான் செய்தது. வாசலில் நின்று, “நான்தான் செஞ்சேன்” என்றது. நஞ்சப்பனின் குரலாக வந்தது. “என்னங்க செஞ்சீங்க?” என்று அவள் உள்ளேயிருந்து கேட்டாள். மறுபடி முயன்றபோது ஆட்டுக்குட்டி கத்தியது. இன்னொரு முறை மணியக்காரர் செருமினார். திரும்பப் பறந்து வந்து, புழுவின் குரலிலேயே புழுவைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று தொண்டையைத் துழாவியது. அந்தச் சொட்டு அங்கே இல்லை. புழு வாயை மூடிய பிறகு எங்கேயும் கேட்காத ஒரு குரலை எதைக் கேட்டுப் பேசுவது?

பூனைவரிக் கத்தரி அத்தோடு போயிற்று. அடுத்த எரு வந்தபோது வேலாத்தாள் யாரையும் கேட்கவில்லை. குழியின் நடுவில் கையை விட்டுச் சூடு பார்த்தாள். ஒரு பிடி அள்ளி இறுக்கி, சாண நாற்றம் போய்ப் புதுமழை வாசம் வந்திருக்கிறதா என்று மோந்தாள். பிறகுதான் கலந்தாள்.

நாம் இன்றும் எருவைக் கையில் பிடித்து மோந்து பார்த்துவிட்டுத்தான் பானையில் போடுவது அந்த நாளிலிருந்துதான். மண்புழு வாய் திறக்காமல் மண்ணுக்குள்ளேயே கிடப்பதும், எங்கே யார் மண்ணைக் கிளறினாலும் மைனா பின்னாலேயே நடந்து வந்து தலையைச் சாய்த்துக் கேட்பதும், எதுவும் கேட்காமல் கிளைக்குத் திரும்பி, கீச்சென்றும் கரகரவென்றும் தெரிந்த குரலையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதும் அன்று தொடங்கியவைதான்.