நாற்காலி வைத்தியம்

நர்சுகள் உட்கார்ந்தால் சோம்பல் வரும் என்று தலைமை மருத்துவர் சபாபதி அரிய உண்மையைக் கண்டுபிடித்தார். வார்டில் இருந்த நாற்காலிகளை எல்லாம் தன் அறையில் வைத்துப் பூட்டினார். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த நர்ஸ் தெய்வானைக்குக் கால் வீங்கியது.

ஒருநாள் வார்டைச் சுற்றி வந்த சபாபதிக்குத் தலை சுற்றியது. "பிரஷர் பாரும்மா!" என்று தெய்வானையிடம் கையை நீட்டினார்.

"அஞ்சு நிமிஷம் உட்கார்ந்த பிறகுதானே சார் பார்க்கணும்?"

"தெரியும்! நாற்காலி எங்கே?"

"உங்க ரூம்ல பத்திரமா இருக்கு, சார்."

மருந்தகத்திலிருந்து நாற்காலி ஒன்று ஓடி வந்தது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தார்.

"சோம்பல் வருதா, சார்?"

"இல்லம்மா, தலைசுற்றல் போயிடுச்சு!"

தெய்வானை வெற்று மருந்துச்சீட்டை நீட்டினாள். "இதே மருந்தை எங்க நர்சுங்க பன்னிரண்டு பேருக்கும் எழுதிக் கொடுங்க, சார்."

நோயாளிகளே கைதட்டினார்கள். சபாபதி தன் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.