சாரியின் பூர்வீகம்

“சாரியைவிடப் பெரிய வார்த்தை ஒண்ணு வேணும், டீச்சர்.”

சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார் தெய்வசிகாமணி. ரிட்டயர்டு ஹெட் கிளார்க். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேசக் கற்க வருகிறவர் அல்ல. எந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க வருகிறவர்.

அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த ஊரில் செலின் டீச்சர் ஒருவர்தான். வயதில் தெய்வசிகாமணியின் மகளைவிடக் கொஞ்சம் பெரியவர், அவ்வளவே.

“யார்கிட்ட சொல்ல?”

“வீட்டுல.”

“என்ன செஞ்சீங்க?”

நீட்டி முழக்கித்தான் சொன்னார். சுருக்கம் இது. புனேயிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று சம்பந்தியம்மாள் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். சமையலறையிலிருந்த இவர் மனைவி அஞ்சுகம் ஆசை ஆசையாக இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள்.

“ஐ ஆம் இன் தி சிக்கன்.”

“நான் சும்மா இருந்திருக்கலாம், டீச்சர்.”

“இருந்தீங்களா?”

“‘எத்தனை முட்டை போட்டே?’ன்னு கேட்டுட்டேன். அதையும் இங்கிலீஷ்ல.”

“சிரிச்சாங்களா?”

“எல்லாரும்.”

டீச்சர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து சோறு வருகிறது. காபி வருகிறது. பேச்சு வருவதில்லை.

“சாரி சொன்னேன். ‘பீரோ நிறைய இருக்கு, நீங்களே கட்டிக்குங்க’ன்னா. அதான் கடைசிப் பேச்சு.”

டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த முறை சிரிப்பு வந்துவிட்டது.

“அப்பாலஜின்னு சொல்லிப் பார்க்கட்டுமா?”

“அது கிரேக்கம். கோர்ட்டுல நின்னு தன் பக்கத்து நியாயத்தைப் பேசறது. நீங்க ஏற்கெனவே நிறையப் பேசியாச்சு.”

“எக்ஸ்கியூஸ்?”

“லத்தீன். கேஸிலிருந்து கழண்டுக்கறது.”

“பார்டன்?”

“முழுசாக் குடுத்துடறது. அது அவங்க கையில இருக்கு. உங்க கையில இல்ல.”

“அப்ப சாரிதான் கதியா? அது எந்த ஊர்ச் சரக்கு?”

“தொண்டை புண்ணானா டாக்டர் என்ன சொல்றார்?”

“சோர் த்ரோட்.”

“அந்தப் புண்ணுதான் இதுக்குத் தாய். சாரின்னா, சொல்றவனுக்கு வலிக்குதுன்னு அர்த்தம்.”

“பலே!” என்றார் தெய்வசிகாமணி. முகம் மலர்ந்துவிட்டது. நல்ல பூர்வீகம் கிடைத்தால் மனுஷனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

“நீங்க சொன்னப்ப எங்க வலிச்சுது?”

மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

“யோசிச்சுச் சொல்லுங்க. பொய் வேண்டாம்.”

யோசித்தார்.

“எங்கயும் வலிக்கல.”

டீச்சர் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

“இன்னிக்குப் பாடம் இல்ல. வீட்டுக்குப் போங்க. வாயைத் திறக்காதீங்க. அவங்க பேசறதைக் கேளுங்க.”

“அவதான் பேசறதில்லையே!”

“உங்ககிட்ட.”

கோபமாகத்தான் நடந்தார். ஃபீஸையும் வாங்கிக்கொண்டு வெளியே துரத்துகிறாள் என்று முனகிக்கொண்டே போனார்.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அஞ்சுகத்தின் குரல். செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லப் போனார். யாரோடு பேசுகிறாள்?

யாரும் இல்லை. அரிவாள்மனை முன் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் வெங்காயத்தில். வாய் வேறெங்கோ.

“ஐ ஆம் இன் தி சி... ச்சீ. கி... கிச்சன். கிச்சன். ஐ ஆம் இன் தி சிக்...”

விரல் முட்டியால் தன் நெற்றியில் குட்டிக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வகுப்பில் அடுத்து எழுப்பிக் கேள்வி கேட்கப்போவது தன்னைத்தான் என்று பயந்த பிள்ளையைப் போல.

தெய்வசிகாமணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். இங்கிலீஷும் வரவில்லை. தமிழும் வரவில்லை.

நிழல் விழுந்து அஞ்சுகம் நிமிர்ந்தாள். பார்த்தாள்.

“வெங்காயம் நறுக்கறது நானு. நீங்க எதுக்கு அழறீங்க?”